மூன்றாவது சுவர்

என் வீட்டுக்காரருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. அவர் செய்ததோ சுவருக்கு வர்ணம் பூசுகிற வேலை. இதைச் சொன்னால் இன்றைக்கு எல்லோரும் சிரிப்பார்கள். நெய்வேலியில் அந்த நாளில் இதை வெளியே தெரியாமல் மறைத்துப் பிழைத்த எங்கள் இரண்டு பேருக்கும் சிரிக்கத் தோன்றியதில்லை.

கல்யாணமான புதிதில் எனக்கே தெரியாது. அவர் என் அத்தை மகன், சேத்தியாத்தோப்புப் பக்கம். சின்ன வயதிலேயே மெட்ராஸுக்குப் போய், ஓட்டல், கல்யாண மண்டபம், பங்களா என்று உள்சுவருக்கு அலங்கார வேலை செய்யக் கற்றுக்கொண்டு வந்தவர். இங்கே நிலக்கரிக் கம்பெனிக்காக டவுன்ஷிப் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ் எழும்பியது, வெள்ளையடிக்க ஆள் போதவில்லை. கான்ட்ராக்டில் அவருக்கு வேலை கிடைத்ததும் டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தோம். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அதுவரைக்கும் அத்தனை பேரும் அடுத்தவர் நிலத்தில் நட்டு, அடுத்தவர் நிலத்தில் அறுத்தவர்கள்.

குடிசைக்குப் பின்னால் நாலு மிளகாய்ச் செடி வைத்திருந்தேன். ஒருநாள், "பழுத்தத மட்டும் பறிச்சுகினு வா மாமா" என்று முறத்தைக் கொடுத்து அனுப்பினேன். செடியை மொட்டையடித்துக் கொண்டுவந்து வைத்தார். பாதிக்கு மேல் பச்சைக்காய். எனக்கு வாய் சும்மா இருக்காது. "கண்ண எங்க அடகு வெச்ச?" என்று பிடித்துக்கொண்டேன். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவர், அன்றைக்கு முறத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். முறத்தில் இருந்ததைக் கிளறிக் கிளறிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தாமல், "எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது புள்ள" என்றார்.

மெட்ராஸில் எப்படிச் சமாளித்தார் என்று கேட்டேன். அங்கே கலந்து வைக்க வேறு ஆள் இருந்தானாம். டின்னைக் கையில் கொடுப்பானாம், இவர் சுவரில் ஏற்றுவாராம். யாரும் இவரைப் பார்த்து, இது என்ன கலர் என்று கேட்கவே இல்லையாம். பெயிண்டரிடம் போய் அதை யார் கேட்பார்கள்?

அன்றிலிருந்து கலக்குகிற ஆள் நான் ஆனேன். ஊர் கண்ணுக்கு நான் சித்தாள். தண்ணீர் தூக்குவேன், சுவர் சுரண்டுவேன், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். வர்ணம் என் கையில் இருந்தது என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அடிக்கலர் எப்போதும் கயிறு கட்டிய டின்னில், மேல்கலர் கம்பி போட்ட டின்னில். அவர் கை நீட்டுகிற பக்கம் எது வேண்டுமோ அது இருக்கும்.

குவார்ட்டர்ஸுக்குக் கம்பெனி கொடுக்கிறது வெள்ளை மட்டும்தான். ஆபீசர்கள் வீட்டுப் பெண்களுக்கு அது போதவில்லை. தஞ்சாவூர், மதுரை, கோயமுத்தூர் என்று எங்கெங்கிருந்தோ வந்து ஒரே அச்சில் வார்த்த வீடுகளில் குடியேறியவர்கள். தன் வீடு பக்கத்து வீடு மாதிரி இருக்கக் கூடாது என்று ஆசை இருக்காதா? ஒரு வீட்டில் செய்தோம், நாலு வீட்டில் கூப்பிட்டார்கள்.

அந்த வேலையைச் சொல்ல வேண்டும். முதலில் சுவரில் பள்ளம் மூடப் பட்டி வைத்துத் தேய்த்து, வெளிர் நிறத்தில் டிஸ்டம்பர் அடித்துக் காயவிடுவோம். பிறகு அதே நிறத்தில் கொஞ்சம் அழுத்தமாக, நீர்க்கக் கலந்துகொள்வோம். கஞ்சிப் பசை போகத் துவைத்த பழைய வேட்டித் துணியை அதில் நனைத்துப் பிழிந்து, முறுக்கி, கீழேயிருந்து மேலே சுவரில் உருட்டிக்கொண்டு போவார். துணியின் மடிப்பெல்லாம் சுவரில் பதியும். தள்ளி நின்று பார்த்தால் பட்டுத் துணியைக் கசக்கி விரித்த மாதிரி இருக்கும். ஒரு மூலையில் ஆரம்பித்தால் அடுத்த மூலை வரைக்கும் நிறுத்தக் கூடாது. நடுவில் காயவிட்டால் ஒட்டுப் போட்டது தெரிந்துவிடும். அவர் உருட்டிய சுவரில் ஒட்டை நான் பார்த்ததே இல்லை. நாம் கலரைப் பார்த்து மயங்கி நிற்கிற இடத்தில், அவர் கண் அழுத்தத்தையும் வெளிச்சத்தையும் மட்டுமே பார்த்தது. அதனால் அவ்வளவு சுத்தம்.

ஆனால் எங்கள் குடிசைச் சுவர் மண். மழை பெய்தால் கரையும். ஊருக்கெல்லாம் உருட்டிவிட்டு, சாயங்காலம் அந்த மண்சுவரில் சாய்ந்து உட்காருவார். "நமக்குன்னு ஒரு செவுரு வேணும் புள்ள. கரையாத செவுரு" என்பார். அதற்கு ஒரே வழிதான். பர்மனென்ட் ஆக வேண்டும். பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கொடுப்பார்கள்.

கான்ட்ராக்ட் ஆட்களிலிருந்து மைன்ஸுக்கு ஆள் எடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. இவர் பெயரும் இருந்தது. கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷம் பொழுது சாயும் வரைகூட நிலைக்கவில்லை. முன்னாலேயே மெடிக்கல் போய்வந்த பக்கத்துக் குடிசைக்காரர் சொன்னார்: "கண்ணுக்கு ஒரு பொஸ்தகம் வெச்சிருக்காங்க. பக்கத்துக்குப் பக்கம் கலர் கலரா புள்ளி. அதுக்குள்ளாற நம்பரு ஒளிஞ்சுகினு இருக்கும். பாத்த ஒடனே சொல்லணும்." என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஆஸ்பத்திரியில் மெடிக்கல் பார்க்கிற டாக்டர் அவரேதான். முன்னறையில் மூன்று சுவருக்கு அலங்காரம் வேண்டும் என்று அவர் மனைவி கேட்டிருந்தார். இவர் தயங்கினார். நான்தான் விடவில்லை.

"பைத்தியமா ஒனக்கு? அந்த வூட்டுச் செவுர டாக்டரு தெனம் பாப்பாரு. இப்படி வேல செஞ்சவன் கண்ணுலயா கொறன்னு, பொஸ்தகத்தத் தொறக்கவே மாட்டாரு. அந்தச் செவுரு நமக்குச் சாட்சி சொல்லும்."

பாசிப்பச்சை வேண்டும் என்றார் டாக்டர் மனைவி. நெல்லிக்குப்பம் போய்ப் பொடி வாங்கிவந்தேன். பொட்டலத்தைப் பிரித்துப் பால்பவுடர் டின்களில் கொட்டிவிட்டுக் காகிதத்தை எறிந்துவிடுவது என் வழக்கம். எந்த டின்னில் என்ன என்று எனக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரிய வேண்டும்? வச்சிரப் பசையைக் காய்ச்சி ஊற்றி, பச்சையில் துளி மஞ்சளும் துளி கறுப்பும் சேர்த்து, ஒரு செங்கல்லில் தடவிக் காயவைத்து அந்த அம்மாவிடம் காட்டினேன். "இதேதான்" என்றார். முதல் சுவர் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. கைகட்டி நின்று பார்த்தேன். மழை பெய்து விட்ட மறுநாள் முந்திரித் தோப்புக்குள் போன மாதிரி அறையே குளிர்ந்துபோய் இருந்தது. டாக்டர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது நின்று ஒருமுறை சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு வேண்டியது அதுதான்.

மறுநாள் எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் அனலாகக் கொதித்தது. டைபாய்டு என்று ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். மூன்றாவது சுவர் பாக்கி. வச்சிரம் போட்ட கலர் எங்கள் வெயிலுக்கு ஒரு நாளைக்குமேல் தாங்காது, நாறிவிடும். புதிதாகத்தான் கலக்க வேண்டும். "நான் எழுந்து வர வரைக்கும் கைய வெக்காத" என்று சொல்ல நினைத்தேன். காய்ச்சலில் சொன்னேனா இல்லையா, ஞாபகமில்லை. டாக்டர் வீட்டுக்கு ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வருவதாக இருந்ததால் அந்த அம்மா அவசரப்படுத்தியிருக்கிறார்.

ஒருநாள் பார்வையாளர் நேரத்தில் என் வீட்டுக்காரர் கஞ்சிப் பாத்திரத்தோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"முடிச்சுட்டேன் புள்ள. நீ தடவி வெச்ச கல்லப் பக்கத்துல வெச்சுகினு, அதோட ஒட்டி ஒட்டிப் பாத்துக் கலந்தேன். அந்தக் கல்லயும் செவுரயும் இன்னிக்கு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. மாதர் சங்கத்துக்குப் போயிருந்த அம்மா வந்து பாத்துட்டு அப்படியே நின்னுட்டாங்க. வாயில பேச்சே வரல."

எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது. நான் இல்லாமலே செய்துவிட்டாரே என்று கொஞ்சம் பொறாமைகூட வந்தது. கஞ்சியை அன்றைக்கு முழுசாகக் குடித்தேன்.

மறுநாள் காலை டாக்டர் வார்டுக்கு வந்தார். மற்ற கட்டில்களைப் பார்த்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்து, நாடி பிடித்தார். பிடித்த கையை விடாமலே கேட்டார்.

"ஏம்மா, கலர் கலக்குறது நீதானா?"

"சித்தாளுங்க நான்" என்றேன்.

"மூணாவது சுவர் செங்காவியில இருக்கு. அம்மா கேட்டது பச்சை."

இவர் எடுத்தது காவி டின். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த அடுத்த மூச்சில் பொய் சொன்னேன். "நாந்தாங்க அப்படி அடிக்கச் சொன்னேன். ஒரு செவுரு மாத்தி அடிச்சா எடுப்பா இருக்குமேன்னு." பொய்தான். அதே கட்டிலில் இன்றைக்குப் படுக்கவைத்துக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

டாக்டர் கோபப்படவில்லை. "வேணும்னு மாத்தினவன் அழுத்தமாவோ வெளிறலாவோதான் மாத்துவான். இது அழுத்தம் கொஞ்சம்கூட மாறலை, நிறம் மட்டும் மாறியிருக்கு. இந்தத் தப்பைப் பண்ண ஒரே ஒரு விதமான கண்ணாலதான் முடியும்மா" என்றார். சாட்சி சொல்லும் என்று நான் நம்பிய சுவர் சாட்சி சொல்லிவிட்டது, எங்களுக்கு எதிராக.

"நீங்க பாக்காத மாதிரி இருந்துடுங்க ஐயா. எங்களுக்குன்னு ஒரு வூடு வரும்ங்க" என்று அவர் காலைப் பிடிக்க எழுந்தேன். என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு, அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மைன்ஸுல சிவப்பு விளக்கு எரிஞ்சா நிக்கணும், பச்சை எரிஞ்சாப் போகணும். அவரோட பக்கத்துல நிக்கிறவனுக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கேயும் ஒருத்தி இருப்பா. நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்?"

அவர் சொன்னது நியாயம். அது நியாயம் என்று எனக்கு அப்போதே தெரியும். நியாயம் என்று தெரிந்ததால் வயிற்றெரிச்சல் குறைந்துவிடுமா? சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் எழுந்து போகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் வந்தவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அது பச்சை இல்ல மாமா."

கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "எது?"

"மூணாவது செவுரு. காவி."

"ஒரு மூலையிலயா?"

"செவுரு முச்சூடும்."

"ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற மூலையில நின்னு பாத்தேனே புள்ள. ஒண்ணாத்தான் இருந்துச்சு" என்றார். அந்த அம்மா பேச்சற்று நின்றதை நினைத்துப் பார்க்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. நான் அழுதேன். அவர் அழவில்லை.

மெடிக்கல் அன்றைக்கு நான் இன்னும் வார்டில்தான் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வராந்தாவில் வரிசை தெரியும். துவைத்த சட்டை போட்டு, தலையை வாரிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே போனவர் சீக்கிரமே வெளியே வந்தார். நேராக என்னிடம் வந்து கட்டில் ஓரமாக நின்றார்.

"மொதப் பக்கம் தெரிஞ்சுது. அப்பறம் வெறும் புள்ளிதான்."

"வாய்க்கு வந்த நம்பர ஒண்ணு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"டாக்டரு மூஞ்சியப் பாத்தேன். அவருக்குத் தெரியும். தெரிஞ்சவங்ககிட்ட எதுக்குப் பொய்யி? 'தெரியலைங்க'ன்னேன்."

வரிசையில் நின்றவர்களுக்குக் காது இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வடக்குத்திலிருந்து டவுன்ஷிப் வரைக்கும் பரவிவிட்டது, கலர் தெரியாத பெயிண்டர் என்று. அலங்காரத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. முன்பு அடித்த சுவரையெல்லாம் மறுபடி உற்றுப் பார்த்துக் குறை சொன்னவர்கள்கூட உண்டு. டாக்டர் வீட்டில் யாரையோ வைத்து மூன்றாவது சுவரில் வெறும் பச்சையைப் பூசிவிட்டார்கள். இவர் வெள்ளையடிக்கிற கூட்டத்தோடு போனார். "வெள்ளைக்குக் கண்ணு எதுக்கு?" என்று யாரோ கிண்டல் செய்ய, கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். முறுக்கி உருட்டுகிற அந்தத் துணியை அடுப்படியில் கரித்துணியாகப் போட்டுவிட்டார். நான் துவைத்துப் பெட்டியில் வைத்தேன்.

பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். டாக்டர் சொல்லித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. எனக்கும் மெடிக்கல். அதே அறை, அதே டாக்டர், அதே புள்ளிப் புத்தகம். ஆயா வேலைக்கு அது தேவையில்லாததுதான், ஆனாலும் திறந்துவைத்தார். ஒரு பக்கத்தில்கூட நான் தடுமாறவில்லை. ஒவ்வொரு நம்பராகச் சொல்லச் சொல்ல, வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனுஷரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. கடைசியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கொஞ்ச காலம் டெம்பரரி, பிறகு பர்மனென்ட். குவார்ட்டர்ஸ் என் பெயரில் வந்தது. ஒரு முன்னறை, ஒரு அடுப்படி, பின்னால் கொஞ்சம் இடம். "பொண்டாட்டி வூட்டுக்குக் குடி போறியா?" என்று வடக்குத்தில் கேட்டவனிடம் இவர், "ஆமா, நீயும் வந்து பாரு" என்றாராம். சாமான் இறக்கிய மறுநாளே பெட்டியைத் திறந்து அந்தத் துணியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் வூட்டுக்கு அடிச்சமே, அதே கலரு" என்றார்.

டின்களை எடுத்துவைத்து நான் கலக்க உட்கார்ந்தேன். என் கையை நகர்த்திவிட்டார். "நீ போய் வெளிய உக்காரு. இது நம்ம செவுரு."

வாசற்படியில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து வச்சிரத்தின் வாடை வந்தது. எதிர் பிளாக்கில் ஷிப்டு முடிந்து ஆட்கள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள், சட்டையெல்லாம் பழுப்புக் கரித்தூள். நான் எழுந்து போய் எட்டிப் பார்க்காமல் இருப்பதற்கு என் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வழியாகக் கூப்பிட்டார்.

எங்களிடம் இருந்த சட்டி சின்னது. சுவர் பாதி தாண்டுவதற்குள் கலர் தீர்ந்துபோய், ஈரம் காய்வதற்குள் கைக்கு எட்டிய டின்னிலிருந்து மறுபடி கலந்திருக்கிறார். மறுபடியும் தீர்ந்திருக்கிறது. ஜன்னல் பக்கம் பச்சை. நடுவில் செங்காவி. கதவுப் பக்கம் இரண்டும் இல்லாத ஒரு மண்நிறம். ஆனால் மடிப்பு எங்கேயும் அறுபடவில்லை. மூலையிலிருந்து மூலைக்கு ஒரே துணி விரித்த மாதிரி போயிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார்.

"ஒண்ணா இருக்கு மாமா."

என் முகத்தையே பார்த்தார். "பொய் சொல்றியா?"

"இல்ல."

அவர் கை கழுவப் போனார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பொழுது இறங்கியது. அறைக்குள் வெளிச்சம் குறையக் குறையச் சுவரில் முதலில் பச்சை போனது, பிறகு காவி போனது. நன்றாக இருட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கலர் என்று எதுவுமே இல்லை. மடிப்பும் நிழலும் மட்டும், ஜன்னலிலிருந்து கதவு வரைக்கும், ஒரு ஒட்டில்லாமல். நான் அவரிடம் சொன்னது பொய்யில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வந்தவர் போனவர் எல்லாம் அந்தச் சுவரைப் பார்த்து வாசலிலேயே ஒரு நிமிஷம் நிற்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் காபி போடப் போய்விடுவேன். மேலே வெள்ளையடிக்கச் சொன்னவர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். அவர் இருந்த வரைக்கும் அதன்மேல் ஒரு பிரஷ் படவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாவுக்குத்தான் என்மேல் தீராத குறை. "வெளக்கு வைக்கிற நேரத்துல வூட்ட இருட்டாப் போட்டு வெச்சிருக்கியே, லட்சுமி எப்படி வருவா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போடுவார். இதோ என்று குரல் கொடுத்துவிட்டு உட்கார்ந்தே இருப்பேன். இவரும் வந்து பக்கத்தில் உட்காருவார்.

"லைட்டப் போடு புள்ள, இருட்டிடுச்சு."

"இரு மாமா, கொஞ்ச நேரம்."

ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நீ பார்க்கிறதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று.